77 வேட்பாளருக்கும் 46 வேட்பாளருக்கும் ஒரே ஸ்கிரிப்ட்: எக்செல், குனுபிளாட், பாண்டாஸ், ஆர் – எதை எடுப்பது?

ஈரோடு கிழக்குத் தொகுதியில் 2023 பிப்ரவரி இடைத்தேர்தலில் களத்தில் நின்றவர்கள் 77 பேர். இரண்டே வருடத்தில், 2025 பிப்ரவரியில், அதே தொகுதிக்கு இன்னொரு இடைத்தேர்தல் வந்தது. அப்போது 46 பேர். நடுவில் 2024 ஜூலையில் விக்கிரவாண்டி, 29 பேர். யார் ஜெயித்தார் என்பது வேறு கதை. சுற்று வாரியாக வாக்கு எண்ணிக்கையை அட்டவணையில் போட்டுக் கோட்டு வரைபடம் எடுக்கிறவருக்கு இந்த எண்கள்தான் தலைவலி.

அட்டவணை எளிமையானதுதான். வரிக்கு ஒரு சுற்று, வேட்பாளருக்கு ஒரு நெடுவரிசை, கடைசியில் நோட்டாவும் மொத்தமும். எண்ணும் கூடத்தில் வழக்கமாக 14 மேசை. 250 வாக்குச்சாவடி உள்ள தொகுதி என்றால் 18 சுற்றில் முடிந்துவிடும். அந்த 18 எப்போதாவது 22 ஆனாலும் எந்த மென்பொருளும் அலட்டிக்கொள்ளாது. கோடு கொஞ்சம் நீளும், அவ்வளவுதான். நெடுவரிசை கூடுவது அப்படியல்ல. ஒவ்வொன்றுக்கும் தனிக் கோடு வேண்டும், தனி நிறம் வேண்டும், லெஜண்டில் (எந்த நிறம் யாருடையது என்று சொல்லும் பட்டியலில்) ஓர் இடம் வேண்டும். ஸ்கிரிப்டில் "2 முதல் 30 வரை" என்று கையால் எழுதிவைத்தவர் தொகுதிக்குத் தொகுதி அந்த எண்ணைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

இந்த வேலைக்கு நம் ஊரில் பெரும்பாலும் எடுக்கப்படுபவை நான்கு: எக்செல் மேக்ரோ (எக்செல்லுக்குள்ளேயே எழுதும் சிறு நிரல்), கட்டளை எழுதிப் படம் வரையும் குனுபிளாட், பைதானில் அட்டவணைகளைக் கையாளும் பாண்டாஸ், ஆர் மொழியில் படம் வரையும் ஜிஜிபிளாட்2. நெடுவரிசைகளை எண்ணி லூப் போட, அதாவது ஒரே வேலையை ஒவ்வொன்றுக்கும் திரும்பச் செய்ய, நான்குக்கும் தெரியும். "எதில் லூப் எழுதுவது சுலபம்" என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. அந்த வித்தியாசம் நாலைந்து வரிக்குள் அடங்கிவிடும். நெடுவரிசை எண்ணிக்கை மாறும்போது எது "முடியாது" என்று கத்தி நிற்கிறது, எது வாயே திறக்காமல் தப்பான படத்தைக் கையில் கொடுக்கிறது என்பதுதான் கேள்வி. எண்ணிக்கை நாளில் படத்தை உட்கார்ந்து சரிபார்க்க யாருக்கும் நேரம் இருக்காது.

எக்செல்: 12 பேர் வரை நல்ல பிள்ளை

முதலில் எக்செல்லின் நியாயமான பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். தரவை 'டேபிள்' ஆக மாற்றி, அந்த முழு டேபிளின் மேல் வரைபடம் போட்டால், பக்கத்தில் ஒரு நெடுவரிசை சேர்த்ததும் படத்தில் ஒரு கோடு தானாகச் சேரும். ஒரு வரி மேக்ரோ கூட வேண்டாம். தமிழ்ப் பெயர்கள் விண்டோஸில் எந்தக் குறையும் இல்லாமல் வரும். பக்கத்து மேசைக்காரர் கோப்பைத் திறந்து தலைப்பை மாற்றிக்கொள்ளலாம். இந்தக் கடைசி வசதியை மற்ற மூன்றும் தராது.

மேக்ரோ எழுதினால், 'கரண்ட் ரீஜன்' என்ற பண்பு அட்டவணை எதுவரை பரவியிருக்கிறது என்று கண்டுபிடித்துக் கொடுக்கும். 'செட் சோர்ஸ் டேட்டா' அதை வரைபடத்துக்கு ஊட்டும். இங்கேதான் குழி இருக்கிறது. எது தொடர் (ஒரு கோடாக வரும் எண் வரிசை), எது அச்சு என்று நீங்கள் சொல்லாவிட்டால் எக்செல் தானே முடிவு செய்யும். அதன் விதி: வரிகள் அதிகம் என்றால் நெடுவரிசைகள் கோடுகள் ஆகும், நெடுவரிசைகள் அதிகம் என்றால் வரிகள் கோடுகள் ஆகும். 18 சுற்று, 12 வேட்பாளர் என்றால் படம் சரியாக வரும். அதே மேக்ரோவை விக்கிரவாண்டியின் 29 பேருக்கு ஓட்டுங்கள்: வேட்பாளர்கள் கீழ் அச்சில் வரிசைகட்டி நிற்பார்கள், ஒவ்வொரு சுற்றும் ஒரு கோடாக மாறியிருக்கும். பிழைச் செய்தி எதுவும் வராது. பார்ப்பதற்கு ஏதோ ஒரு வரைபடம் போலத்தான் இருக்கும். 'பிளாட் பை' என்ற அளவுருவில் நெடுவரிசை வாரியாக என்று வெளிப்படையாகச் சொன்னால் இது தீரும். சொல்லாமலே பல வருடம் ஓடிக்கொண்டிருக்கும் மேக்ரோக்கள் எத்தனையோ, ஏனென்றால் பெரும்பாலான தொகுதியில் வேட்பாளர்கள் சுற்றுகளை விடக் குறைவு.

இன்னொன்று. சுற்று எண் இருக்கும் முதல் நெடுவரிசைக்கு 'சுற்று' என்று தலைப்பு வைத்தால், அதுவும் எண்தானே என்று 1, 2, 3 என ஏறும் ஒரு கோடாகவே அதையும் எக்செல் வரைந்துவிடும். மேல் இடது மூலைக் கட்டத்தைக் காலியாக விட்டால் அது அச்சு என்று புரிந்துகொள்ளும். இந்த உபாயம் எக்செல்லில் ஊறியவர்களுக்கு மனப்பாடம். புதிதாக வருபவர் ஒரு மாலையைத் தொலைப்பார்.

பெயரிட்ட வரம்பை 'ஆஃப்செட்' சூத்திரத்தோடு கட்டி எல்லாவற்றையும் தானியங்கி ஆக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அது வரிகளுக்கு மட்டும்தான் உதவும். ஒரு தொடரின் மதிப்புகளுக்கு அந்தப் பெயரைக் கொடுக்கலாம். முழு வரைபடத்தின் தரவு வரம்பாகக் கொடுத்தால் எக்செல் அதை அப்போதைய முகவரியாக மாற்றி உறைய வைத்துவிடும். புதுத் தொடர் சேராது. பிவட் வரைபடம் கூடக் குறையத் தன்னை மாற்றிக்கொள்ளும், ஆனால் தரவு நீள வடிவத்தில் இருந்தால்தான் அது பிழைக்கும் (இதைப் பற்றிப் பின்னால்), சிதறல் வரைபடமும் அதில் எடுக்க முடியாது.

ஒரு படத்தில் 255 தொடர் என்பது எக்செல்லின் உச்ச வரம்பு. இது போதாதா என்றால், ஈரோடு மாவட்டத்துக்காரர்களிடம் கேட்க வேண்டும். 1996 சட்டமன்றத் தேர்தலில் மொடக்குறிச்சியில் நின்றவர்கள் 1,033 பேர். வாக்குச்சீட்டு புத்தகமாகத்தான் அச்சாயிற்று. அன்றைய எக்செல்லில் ஒரு தாளுக்கு இருந்ததே 256 நெடுவரிசை.

குனுபிளாட்: சொன்னதைச் செய்யும், சொல்லாததைச் செய்யாது

1986-லிருந்து இருக்கும் கருவி. 2010-ல் வந்த 4.4 பதிப்பில் வரையும் கட்டளைக்குள்ளேயே லூப் போடும் வசதி வந்தது. அதற்கு முன் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் ஒரு வாக்கியம் எழுதி, கமா போட்டு நீட்ட வேண்டும், அல்லது இன்னொரு ஸ்கிரிப்ட் எழுதி இந்த ஸ்கிரிப்டை உற்பத்தி செய்ய வேண்டும். இப்போது 'பிளாட் ஃபார்' என்று தொடங்கி, ஐ என்ற மாறி 2-லிருந்து கடைசி வரை போகட்டும், முதல் நெடுவரிசைக்கு எதிரே ஐ-ஆவதை வரை, தலைப்பை அந்த நெடுவரிசையின் தலையிலிருந்தே எடு என்று ஒரே வரியில் முடிந்துவிடும்.

கடைசி எது என்று எப்படித் தெரியும்? பழைய ஆட்கள் உரைக் கோப்புகளை அலசும் ஆக் என்ற நிரலைக் கூப்பிட்டு முதல் வரியில் எத்தனை புலம் என்று எண்ணச் சொல்லி, அந்த விடையை எடுத்துக்கொள்வார்கள். இன்றும் கோளாறில்லாத வழி. புதிய பதிப்புகளில் 'ஸ்டாட்ஸ்' கட்டளையை ஒருமுறை ஓட்டினால் நெடுவரிசை எண்ணிக்கை ஒரு மாறியில் வந்து உட்காரும். இரண்டிலும் ஒரே நிபந்தனை: பிரிப்பான் கமா என்பதை முதலில் சொல்லியிருக்க வேண்டும். மறந்தால் பெயர்களில் இருக்கும் இடைவெளியை எல்லாம் பிரிப்பானாக எடுத்துக்கொண்டு எண்ணிக்கை எங்கேயோ போகும். எண்ணவே சோம்பல் என்றால் மேல் எல்லைக்கு 200 என்று போட்டுவிடலாம். இல்லாத நெடுவரிசைக்கு "செல்லத்தக்க புள்ளி இல்லை, தாண்டிப் போகிறேன்" என்று எச்சரித்துவிட்டு அது தன் வேலையைத் தொடரும். நான் இதைப் பரிந்துரைக்கவில்லை, ஆனால் வேலை செய்யும்.

குனுபிளாட்டின் பெரிய பலம், அது நெடுவரிசையைப் பெயரால் பார்க்காமல் எண்ணால் பார்ப்பது. இது தமிழ்நாட்டுத் தேர்தலுக்கு மிகவும் பொருந்தும். பிரபலமானவர் ஒருவர் நின்றால் அதே பெயரில் சுயேச்சைகள் நிற்பது நமக்குப் பழகிப்போன விஷயம். 2024 மக்களவைத் தேர்தலில் ராமநாதபுரத்தில் முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் சுயேச்சையாக நின்றபோது அதே பெயர்க்காரர்கள் பலரும் மனுப் போட்டு நின்றார்கள். நெடுவரிசையைப் பெயரால் அடையாளம் காணும் எந்தக் கருவிக்கும் இது சோதனை. குனுபிளாட்டுக்கு 4-ஆவது, 11-ஆவது, 12-ஆவது என்று மூன்று தனி நெடுவரிசைகள், குழப்பமே இல்லை.

இனி அது வாய் திறக்காமல் தப்பு செய்யும் இடங்கள். 5.0 பதிப்பிலிருந்து இயல்பாக 8 நிறம்தான். ஒன்பதாவது கோடு முதல் கோட்டின் நிறத்தையே எடுக்கும். 77 பேர் என்றால் ஒரே நிறத்தில் ஒன்பது, பத்துக் கோடுகள். எச்சரிக்கை வராது. அடுத்தது அடிக்கோடு. தலைப்பில் 'சுயே_12' என்று இருந்தால், அடிக்கோட்டுக்கு அடுத்த எழுத்தைக் கீழே இறக்கிச் சின்னதாகப் போடும், கணிதக் குறியீடு என்று நினைத்துக்கொண்டு. லெஜண்டில் 1 கீழே தொங்கும், 2 மேலே நிற்கும். 'நோ என்ஹான்ஸ்டு' என்று ஒரு சொல் சேர்த்தால் போதும்; நெடுவரிசைப் பெயர் எப்படி வரும் என்று முன்கூட்டித் தெரியாத எந்த ஸ்கிரிப்டிலும் அந்தச் சொல் இருந்தே ஆக வேண்டும்.

வடிகட்டுவது, வரிசைப்படுத்துவது எல்லாம் அதற்குக் கைவராத கலை. கடைசிச் சுற்றில் முன்னணியில் இருக்கும் ஐந்து பேரை மட்டும் வரை என்றால் சுற்றிவளைத்துத்தான் செய்ய வேண்டும்: ஒவ்வொரு நெடுவரிசைக்கும் 'ஸ்டாட்ஸ்' ஓட்டி, உச்ச மதிப்பைப் பார்த்து, வரம்பைத் தாண்டியவற்றின் எண்களை ஒரு சரத்தில் கோத்து, பிறகு அந்தச் சரத்தின் மேல் லூப் போடுவது. முடியும். எழுதியவருக்கே ஆறு மாதம் கழித்துப் படித்தால் புரியாது.

பாண்டாஸ்: ஒரு ஹைபன் போதும்

பைதான் தெரிந்தவர்கள் முதலில் கைவைப்பது இதுதான். கோப்பைப் படித்து, சுற்று எண்ணை இண்டெக்ஸ் ஆக்கி, 'பிளாட்' என்றால் எல்லா எண் நெடுவரிசைகளும் கோடுகளாக வந்துவிடும். எண்ணிக்கையைக் கேட்கக்கூட மாட்டாது. லூப் கூட வேண்டாம். தனித்தனிக் கட்டமாக வேண்டுமென்றால் 'சப்பிளாட்ஸ்' என்று சொல்லி, லேஅவுட்டில் வரிக்கு மைனஸ் 1-ம் அகலத்துக்கு 3-ம் கொடுத்தால் எத்தனை வரி தேவை என்று அதுவே கணக்குப் போட்டுக்கொள்ளும்.

"எல்லா எண் நெடுவரிசைகளும்" என்றேன் அல்லவா, வினை அங்கேதான். ஒரு வேட்பாளருக்கு ஏதோ ஒரு சுற்றில் வாக்கு விழவில்லை, தட்டச்சு செய்தவர் 0 போடாமல் ஹைபன் போட்டுவிட்டார் என்று வையுங்கள். பாண்டாஸ் இயல்பாக விடுபட்ட மதிப்பாக ஏற்றுக்கொள்ளும் குறிகளின் பட்டியலில் வெறும் ஹைபன் இல்லை. அதனால் அந்த நெடுவரிசை முழுவதும் எழுத்தாகப் படிக்கப்படும். எழுத்து நெடுவரிசையை வரைபடம் தொடாது. அந்த வேட்பாளர் படத்திலிருந்து காணாமல் போவார். எல்லா நெடுவரிசையும் எழுத்தாகிவிட்டால்தான் "வரைய எண் தரவே இல்லை" என்று பிழை வரும். 77-ல் ஒன்று போனால் ஒரு முணுமுணுப்பும் இல்லை. 77 கோட்டில் ஒன்று குறைந்ததை யார் கண்டுபிடிப்பார்?

நம் ஊர் எண் முறையும் இதே வேலையைச் செய்யும். 1,10,156 என்று கமாவோடு இருக்கும் நெடுவரிசை எழுத்தாகத்தான் உள்ளே வரும். படிக்கும்போதே ஆயிரப் பிரிப்பான் கமா என்று சொல்லிவிட்டால் லட்சக் கமாவையும் சேர்த்து எடுத்துவிடும். கவனியுங்கள், கமா போட்டு எழுதப்படுவது பெரிய எண்கள்தான். 300, 400 வாங்கிய சுயேச்சைகள் படத்தில் இருப்பார்கள், ஆயிரத்தைத் தாண்டிய பெரிய கட்சி வேட்பாளர்கள் மட்டும் காணாமல் போவார்கள். குறைந்தபட்சம் இது கண்ணில் படும் தப்பு.

ஒரே பெயர்க்காரர்களைப் பாண்டாஸ் தானே வேறுபடுத்தும்: இரண்டாமவர் பெயருக்குப் பின் புள்ளி 1, மூன்றாமவருக்குப் புள்ளி 2. தரவு பத்திரமாக இருக்கும், லெஜண்ட் அசிங்கமாக இருக்கும். தேர்தல் என்பதால் பெயரோடு வரிசை எண்ணையோ சின்னத்தையோ ஒட்டிவிடுவது எப்படியும் நல்லது.

பாண்டாஸை விட்டுவிட்டு, அது படம் வரைய உள்ளே பயன்படுத்தும் மேட்பிளாட்லிப் நூலகத்தில் நேராக லூப் எழுதுகிறவர்களுக்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு பொறி. 46 கட்டம் கேட்டால் 'சப்பிளாட்ஸ்' ஓர் அணியைத் தரும். ஒரே கட்டம் கேட்டால் அணியைத் தராமல் அந்தக் கட்டத்தையே தரும். லூப் உடனே உடையும். 'ஸ்குவீஸ்' என்பதைப் பொய் என்று வைத்தால் எப்போதும் இருபரிமாண அணிதான் வரும். இது சத்தம் போட்டு உடைகிற வகை என்பதால் எனக்கு இதன்மேல் கோபமில்லை. நிறம் மட்டும் குனுபிளாட் போலத்தான்: 2017-ல் வந்த 2.0 பதிப்பு முதல் பத்து நிறம், பதினொன்றாவது கோடு மறுபடி முதல் நிறம், மௌனமாக.

ஆர்: வடிவத்தை மாற்றிவிடு

ஜிஜிபிளாட்2 இந்தப் பிரச்சினையை வேறு இடத்திலிருந்து பார்க்கிறது. அதற்கு நெடுவரிசைகளை வரையவே தெரியாது என்று சொல்லலாம். 77 நெடுவரிசை கொண்ட அகலமான அட்டவணையை முதலில் சுற்று, வேட்பாளர், வாக்கு என்று மூன்றே நெடுவரிசை கொண்ட நீளமான அட்டவணையாக மாற்ற வேண்டும். 2019-ல், தரவின் வடிவத்தை மாற்றும் ஆர் தொகுப்பான டைடிஆர் 1.0.0-ல் வந்த 'பிவட் லாங்கர்' செய்வது அதைத்தான்: சுற்று தவிர மற்ற எல்லாவற்றையும் மடக்கு என்று சொன்னால் போதும். அதற்குப் பிறகு வேட்பாளர் 77 ஆனாலும் 46 ஆனாலும் வரைபட ஸ்கிரிப்டுக்குத் தெரிவது மூன்று நெடுவரிசைதான். மாறிக்கொண்டிருந்தது நெடுவரிசை எண்ணிக்கை. அது இப்போது வரி எண்ணிக்கை ஆகிவிட்டது. வரிகள் கூடிக் குறைவதைப் பற்றி எந்த மென்பொருளும் அலட்டிக்கொள்ளாது என்று முதலிலேயே சொன்னேன்.

பாண்டாஸில் 'மெல்ட்' இதே வேலையைச் செய்யும், எக்செல்லில் பவர் குவெரியின் 'அன்பிவட்' செய்யும். ஆனால் ஆர் இதைக் கட்டாயமாக்குகிறது, அந்தக் கட்டாயத்தில் ஒரு லாபம் இருக்கிறது. மேலே சொன்ன ஹைபன் கதையை இங்கே ஓட்டிப் பாருங்கள். 76 எண் நெடுவரிசை, ஒன்று எழுத்து. 'பிவட் லாங்கர்' அவற்றை ஒரே நெடுவரிசையில் கலக்க மறுத்து, எந்த இரண்டு சேரவில்லை என்று பெயர் சொல்லி நின்றுவிடும். ஒரே பெயர் இரண்டு முறை வந்தால், கோப்பைப் படிக்கும் ரீட்ஆர் தொகுப்பு, பெயருக்குப் பின்னால் நெடுவரிசை எண்ணை ஒட்டி, புதுப் பெயர்கள் இவை என்று அறிவிக்கும். கலர்புரூவர் என்ற ஆயத்த நிறப் பட்டியல்களில் 'செட்1' நிறத்தொகுப்பில் இருப்பது 9 நிறம். பத்தாவது ஆள் வந்தால் எச்சரிக்கும். மூன்று இடத்திலும் கத்துகிறது. எனக்கு வேண்டியது இதுதான்.

அதற்காக ஆர் குற்றமற்றது என்று இல்லை. நிறத்தொகுப்பு எதுவும் சொல்லாவிட்டால் நிறச் சக்கரத்தைச் சம பங்காக வெட்டிக் கொடுக்கும். 77 பேருக்கும் 77 நிறம் கிடைக்கும், பக்கத்துப் பக்கத்து நிறங்களைக் கண்ணால் பிரிக்க முடியாது. லெஜண்டை அகர வரிசையில் அடுக்கும், ஜெயித்தவர் நடுவில் எங்கேயோ இருப்பார். அதைவிட மோசம், நிறம் அந்த அகர வரிசைப்படி ஒதுக்கப்படுவது. ஒரு தொகுதியில் பச்சையாக இருந்த கட்சி அடுத்த தொகுதியில் ஊதா. கட்சிக் கொடி நிறத்தைக் குழந்தையும் தெரிந்து வைத்திருக்கும் ஊரில் இது சரிப்படாது. கட்சிப் பெயருக்கு எதிரே நிறம் என்று ஒரு பட்டியல் எழுதி 'ஸ்கேல் கலர் மேனுவல்'-இல் கொடுத்துவிட்டால், பட்டியலில் இல்லாதவர்கள் எல்லோரும் சாம்பல் நிறம் ஆகிவிடுவார்கள். தேர்தல் படத்துக்கு அதுதான் தேவையும்கூட.

இணையப் பக்கத்துக்கு வேகா-லைட் எடுக்கலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு வரி: அதிலும் 'ஃபோல்ட்' என்று நீளமாக்கும் வசதி உண்டு, ஆனால் மடக்க வேண்டிய நெடுவரிசைகளின் பெயர்களை நீங்களே பட்டியலிட வேண்டும். எண்ணிக்கை மாறும் வேலைக்கு அது பாதிக் கிணறு.

கொம்பு எங்கே நிற்கிறது?

மேலே சொன்னவை எல்லா ஊருக்கும் பொது. தமிழில் படம் போடுகிறவர்களுக்கு மட்டும் இன்னொரு கேள்வி உண்டு, சில சமயம் அதுவே மற்ற எல்லாவற்றையும் தீர்மானித்துவிடும்.

நெடுவரிசைத் தலைப்பு தமிழில் இருந்தால் மேட்பிளாட்லிப் முதலில் வெறும் கட்டங்களைத் தரும். அதன் இயல்பு எழுத்துருவான டெஜாவு சான்ஸில் தமிழ் எழுத்து இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைக் கொடுத்தால் எழுத்து வரும், ஆனால் இடம் மாறி வரும். பரவலாகப் புழங்கும் பதிப்புகள் எழுத்துகளைக் கோப்பில் இருக்கும் வரிசையிலேயே ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குவதோடு நின்றுவிடுகின்றன. 'செல்வம்' என்று எழுதினால் முதலில் ச, அதற்குப் பிறகு ஒற்றைக் கொம்பு. கொம்பு அடுத்த எழுத்தான ல்-இன் முன்னால் போய் ஒட்டிக்கொண்டது போலத் தெரியும். எம்பிஎல்கெய்ரோ என்ற மாற்றுப் பின்தளத்தை நிறுவினால் இது சரியாகும். ஆனால் பொதுச் சர்வரில் அதை நிறுவ அனுமதி வாங்குவது தனி வேலை.

குனுபிளாட்டில் 'பிஎன்ஜி கெய்ரோ' என்ற வெளியீட்டைத் தேர்ந்தெடுத்தால் எழுத்துக் கோக்கும் வேலையைப் பாங்கோ நூலகம் பார்த்துக்கொள்ளும். கொம்பு முன்னால், கால் பின்னால், எல்லாம் ஒழுங்காக வரும். பழைய 'பிஎன்ஜி' வெளியீட்டில் அந்த வசதி இல்லை, ஒரு சொல்தான் வித்தியாசம். ஆரில் படக் கோப்பை எழுதும் ராக் தொகுப்பை நிறுவிவைத்தால் படத்தைச் சேமிக்கும்போது ஜிஜிபிளாட்2 தானே அதை எடுத்துக்கொள்ளும், தமிழ் சரியாக வரும். பைதானையே நம்பி இருக்கும் ஒருவர் தமிழ் லெஜண்ட் வேண்டும் என்பதற்காக மட்டும் குனுபிளாட்டுக்குத் தாவுவதில் எனக்கு எந்த ஆச்சரியமும் இல்லை.

கோடு எத்தனை?

77 கோட்டைப் பிழையில்லாமல் வரைந்துவிட்டாலும் அதை யாரும் படிக்கப் போவதில்லை. சதுரமாக அடுக்கினால் ஒன்பதுக்கு ஒன்பது, 81 கட்டம். தபால்தலை அளவுக்குத்தான் ஒவ்வொன்றும் கிடைக்கும். எங்கேயாவது வெட்ட வேண்டும். "முதல் ஐந்து பேர்" என்று சும்மா ஓர் எண் வைப்பதைவிட, சட்டமே ஒரு வெட்டுக்கோடு கொடுத்திருக்கிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின்படி செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காதவருக்கு டெபாசிட் போய்விடும். ஆறில் ஒன்றுக்கு மேல் வாங்கியவர்கள் கணக்குப்படியே ஐந்து பேருக்கு மேல் இருக்க முடியாது. எத்தனை பேர் நின்றாலும் சரி, மொடக்குறிச்சியே ஆனாலும் சரி. டெபாசிட் வாங்கியவர்களுக்குத் தனிக் கோடு, மற்றவர்கள் எல்லோரும் கூட்டி ஒரு சாம்பல் கோடு என்று வைத்தால் ஆறு கோட்டுக்கு மேல் வராது. எட்டு நிறமே மிச்சம்.

இந்த வெட்டில் நோட்டாவைக் கவனிக்க வேண்டும். அது செல்லத்தக்க வாக்குக் கணக்கில் வராது. வகுக்கும் மொத்தத்தில் அதைச் சேர்க்கக் கூடாது. அட்டவணையின் கடைசியில் இருக்கும் 'மொத்தம்' நெடுவரிசையும் அப்படித்தான். "2 முதல் கடைசி வரை" என்று ஓடும் எந்த ஸ்கிரிப்டும் அதையும் ஒரு வேட்பாளராக நினைத்து வரைந்துவிடும். உச்சிக்குப் போகும் அந்த ஒரு கோட்டால் மற்ற எல்லாக் கோடும் தரையோடு ஒட்டிக்கொள்ளும். தேர்தல் ஆணையத்தின் இறுதி முடிவுத் தாளான படிவம் 20-ஐ எடுத்து வேலை செய்கிறவர்களுக்கு இது இன்னும் அதிகம்: வேட்பாளர்கள் முடிந்தபின் செல்லத்தக்கவற்றின் மொத்தம், நிராகரிக்கப்பட்டவை, நோட்டா, மொத்தம் என்று நெடுவரிசைகள் தொடரும். இவற்றைக் கடைசியிலிருந்து எண்ணிக் கழிப்பதைவிடப் பெயர் சொல்லிக் கழிப்பது நல்லது. குனுபிளாட்டின் எண்ணால் பார்க்கும் குணம் இங்கே மட்டும் எதிராக வேலை செய்கிறது.

அரசியல் பார்க்கிறவர்கள் ஓர் ஆட்சேபம் சொல்வார்கள், அதில் நியாயம் உண்டு: டெபாசிட் போனாலும் மூன்றாம் இடத்துக்காரர் வாங்கிய எட்டு சதவீதம் பேசப்பட வேண்டியது. அதற்காகக் கட்சிப் பட்டியலில் பெயர் இருந்தால் டெபாசிட் போயிருந்தாலும் வரை என்று விதிவிலக்கு ஒன்று சேர்த்துவிடலாம். ஆரிலும் பாண்டாஸிலும் அது ஒரு நிபந்தனை. குனுபிளாட்டில் அதற்கு நான் முயல மாட்டேன்.

என் தேர்வு

தொகுதிக்குத் தொகுதி நெடுவரிசை மாறி, பெயர் தமிழில் இருந்து, கட்சி நிறமும் வேண்டும் என்றால் ஆர்தான். கற்க நேரம் பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் எண்ணிக்கை நாளில் அது பொய்ப் படம் தருவதைவிடப் படமே தராமல் நிற்கும், அதை மதிக்கிறேன். பைதானில் ஏற்கெனவே எல்லாம் இருக்கிறது, இடம் மாற முடியாது என்றால் பாண்டாஸிலேயே இருங்கள், ஆனால் படித்தவுடன் 'மெல்ட்' செய்யுங்கள், எண்ணாகாத நெடுவரிசை ஒன்று இருந்தாலும் ஸ்கிரிப்ட் நிற்கும்படி ஒரு சோதனை வரி வையுங்கள். தமிழ் லெஜண்டுக்கு மட்டும் தனி ஏற்பாடு வேண்டியிருக்கும்.

குனுபிளாட்டை நான் வைத்திருப்பது வேறு வகை வேலைக்கு: இயந்திரம் எழுதும் கோப்புகள், தலைப்பும் எண்களும் எப்போதும் சுத்தமாக இருப்பவை, சென்சார் இன்று 6, நாளை 8 என்று கூடுபவை. அங்கே ஹைபன் போட ஆளில்லை, ஒரு வரி ஸ்கிரிப்ட் வருடக்கணக்கில் ஓடும். எக்செல், படத்தைப் பிறகு வேறொருவர் திருத்துவார் என்றால் மட்டும்.

எதை எடுத்தாலும் எண்ணிக்கைக்கு முந்தின நாள் மூன்று பொய்க் கோப்புகளை ஓட்டிப் பாருங்கள். முதலாவதில் ஒரே ஒரு வேட்பாளர். இரண்டாவதில் 18 சுற்றுக்கு 77 பேர். மூன்றாவதில் ஒரே பெயரில் இருவர், அவர்களில் ஒருவருக்கு நான்காம் சுற்றில் ஹைபன். மூன்றாவது கோப்புக்குப் படம் எந்தச் சலனமும் இல்லாமல் வந்துவிட்டால், கோடுகளை ஒவ்வொன்றாக எண்ணுங்கள்.